சிரிப்புக்கு முன்னால் பிறந்த பெயர்

மான்செஸ்டருக்கு வடக்கே ஒரு மருத்துவமனையில், வெளிநோயாளிகள் வந்து பதிந்துகொள்ளும் மேசையில் எனக்கு வேலை. திரையில் வரும் பெயரைப் பார்த்து உரக்கக் கூப்பிடுவதுதான் அந்த வேலையில் பாதி. சேர்ந்த முதல் மாதம் ஒருநாள் காலையில் ஒரு பெரியவரைக் கூப்பிட்டேன். அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை, 'பாட்டம்' என்று முடிகிற ஒரு குடும்பப்பெயர் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். காத்திருந்த இளைஞர்கள் இரண்டு பேர் சத்தமாகவே சிரித்தார்கள். எங்கள் மேசைப் பக்கமிருந்தும் ஒரு சிரிப்பு வந்தது, அதுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது. இன்றைய ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்குப் பிட்டம் என்றொரு பொருள் இருக்கிறது, அதனால் வந்த சிரிப்பு. பெரியவர் ஊன்றுகோலை ஊன்றி எழுந்து வந்தார். முகம் மாறவே இல்லை. பள்ளிக்கூடத்தின் முதல் நாளிலிருந்து கேட்டுக் கேட்டுப் பழகிப்போன முகம். கையெழுத்துப் போடும்போது தாளைப் பார்த்தபடியே சொன்னார், "பள்ளத்தாக்கு என்று அர்த்தம். யாரும் கேட்பதில்லை."

நானும் கேட்டிருக்கவில்லை. அன்று இரவு தேட ஆரம்பித்தேன், இரண்டு வருடமாகியும் விட்டபாடில்லை.

பழைய ஆங்கிலத்தில் 'பொத்ம்' என்றொரு சொல் இருந்தது. குன்றுகளுக்கு நடுவே, ஓடை ஓடுகிற அகன்ற அடித்தளம், அதாவது பள்ளத்தாக்கின் தரை. நம் பக்கத்தில் ஒரு நிலத்தைப் பள்ளம் என்கிறோமே, பள்ளத்தூர் என்று ஊருக்கே பேர் வைக்கிறோமே, ஏறக்குறைய அதே பார்வைதான். லங்காஷயர், செஷயர், யார்க்‌ஷயரின் மேற்குப் பகுதி, இந்த மூன்றும் கூடுகிற பெனைன் மலைச்சரிவுகளில் இப்படிப்பட்ட பள்ளங்கள் எக்கச்சக்கம். ஒவ்வொன்றுக்கும் அங்கிருந்தவர்கள் ஒரு பெயர் வைத்தார்கள். லாங்பாட்டம் என்றால் நீண்ட பள்ளம். சைட்பாட்டம் என்பதில் 'சீட்' என்ற பழைய சொல் ஒளிந்திருக்கிறது, அகலம் என்று பொருள். ரோபாத்தம் என்றால் கரடுமுரடான பள்ளம். விண்டர்பாட்டம், குளிர்காலத்தில் ஆடுமாடுகளை ஓட்டிக்கொண்டு வந்து அடைக்கிற பள்ளம். எல்லாரும் அதிகமாகச் சிரிக்கிற ஷஃபிள்பாட்டம் என்ற பெயர்தான் எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது, ஏனென்றால் அதன் கதையில் ஆடு இருக்கிறது, ஊற்று இருக்கிறது. மான்செஸ்டருக்கு வடக்கே உள்ள பெரி (Bury) நகரத்துக்குப் பக்கத்தில் ஷிப்பர்பாட்டம் என்று ஓர் இடம் இருந்தது, ஆட்டு ஊற்றுப் பள்ளம் என்று அதைப் பிரித்துச் சொல்கிறார்கள். ஆடுகளை மயிர் வெட்டுவதற்கு முன் கழுவுகிற இடமாக இருந்திருக்கலாம். ஷிப்பர் என்பது நாக்கில் புரண்டு புரண்டு, பொருள் மறந்துபோனதும், தெரிந்த ஒரு சொல்லின் சாயலுக்கு வந்து ஷஃபிள் ஆகிவிட்டது. பொருள் மறந்த சொல்லைத் தெரிந்த சொல்லாக்கிக்கொள்வது எல்லா மொழிக்காரர்களுக்கும் உள்ள பழக்கம்தானே.

இந்தக் குடும்பத்தில் நான் அதிகம் துரத்திக்கொண்டு போனது ராம்ஸ்பாட்டம் என்ற பெயரை. அதன் ஊர் இன்னும் உயிரோடு இருக்கிறது. பெரிக்கு வடக்கே சில மைல் தூரத்தில், இர்வெல் ஆற்றங்கரையில். உள்ளூர்க்காரர்கள் செல்லமாக ராமி என்பார்கள். 1324ஆம் ஆண்டு ஆவணமொன்றில் ரோம்ஸ்பொத்தம் என்று அந்த ஊர்ப்பெயர் பதிவாகியிருக்கிறது. முன்பாதிக்கு இரண்டு விளக்கம் உண்டு. ஒன்று, கடா ஆடு. இன்னொன்று 'ஹ்ராம்சா', அதாவது காட்டுப்பூண்டு. இன்றும் ஆங்கிலத்தில் அதை ராம்சன்ஸ் என்கிறார்கள். வசந்தகாலத்தில் ஈரமான மரநிழலில் தரை தெரியாமல் படர்ந்து, நட்சத்திரம் நட்சத்திரமாக வெள்ளைப் பூ பூக்கும் செடி. மொழியறிஞர்கள் இரண்டையும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். நான் பூண்டுக் கட்சி. காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

இங்கே ஒரு கணக்குப் பார்க்க வேண்டும். இந்தப் பெயர்கள் குடும்பப்பெயர்களாக ஒட்டிக்கொண்டது 13, 14ஆம் நூற்றாண்டுகளில். அந்தச் சொல்லுக்குப் பிட்டம் என்ற பொருள் எழுத்தில் தலைகாட்டுவதோ 18ஆம் நூற்றாண்டின் கடைசியில். நடுவில் ஐந்நூறு வருடம்! பதினைந்து, இருபது தலைமுறை அந்தப் பெயரோடு பிறந்து, திருமணம் செய்து, பிள்ளை பெற்று, கல்லறையில் எழுதி வைக்கிற வரைக்கும் அதில் சிரிக்க ஒன்றுமே இருந்ததில்லை. பெயர் அப்படியே இருந்த இடத்தில் இருக்க, மொழி அதன் காலடியில் நகர்ந்துவிட்டது.

இது நமக்குப் புரியாத விஷயமில்லை. நாற்றம் என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்டாள் பெருமாளை 'நாற்றத் துழாய்முடி நாராயணன்' என்று பாடுகிறாள், துளசி மணக்கிற முடி. மார்கழியில் இன்றைக்கும் கோயிலில் அதைப் பாடுகிறோம், ஒருவரும் மூக்கைப் பொத்துவதில்லை. ஆனால் அதே சொல்லை இன்று ஒரு வீட்டைப் பற்றிச் சொல்லிப் பாருங்கள், சண்டை வரும். அந்தக் காலத்தில் யாராவது தன் மகளுக்கு மணம் என்ற பொருளில் நாற்றம் என்று பெயர் வைத்து, அது வழிவழியாக வந்திருந்தால், இன்று அந்தக் குடும்பத்துப் பிள்ளைகள் வகுப்பறையில் என்ன பாடு பட்டிருப்பார்கள்? பாட்டம் என்று முடியும் பெயர்க்காரர்கள் படுவதும் அதைத்தான்.

லங்காஷயரில் மட்டும் ஏன் இப்படி இடத்தின் பெயர்கள் குவிந்திருக்கின்றன என்றால், அந்த நில அமைப்பையும் குடியிருப்பு முறையையும் பார்க்க வேண்டும். தெற்கு இங்கிலாந்தில் பெரிய பெரிய கிராமங்கள், நூறு பேர் ஒரே ஊரில். அங்கே ஒருவரை ஊர்ப்பெயர் சொல்லி அடையாளம் காட்ட முடியாது, எல்லாருக்கும் அதே ஊர்தானே. அதனால் தொழில், அப்பா பெயர், பட்டப்பெயர் என்று போனார்கள். வடக்கே மலைச்சரிவில் ஒரு பண்ணை, அரை மைல் தள்ளி இரண்டு வீடு, அதற்கப்பால் இன்னொரு பள்ளம். அங்கே 'பூண்டுப் பள்ளத்து ஜான்' என்றால் ஒரே ஆள்தான். இதன் விளைவு இன்னொன்றும் உண்டு. ஸ்மித் என்ற பெயர் ஆயிரம் ஊரில் ஆயிரம் கொல்லர்களிடமிருந்து தனித்தனியாகப் பிறந்திருக்கும். ஒரு சின்னப் பள்ளத்தின் பெயரோ ஒரே குடும்பத்திலிருந்து, ஒரே ஓர் ஆளிடமிருந்துகூட, கிளைத்திருக்க வாய்ப்பு அதிகம்.

வெறும் ஊகமாக இருந்த இதை மரபணுவை வைத்துச் சோதித்தும் பார்த்துவிட்டார்கள். 2000ஆம் ஆண்டு ஆக்ஸ்ஃபோர்டின் பிரையன் சைக்ஸ், தன்னுடைய குடும்பப்பெயரையே எடுத்துக்கொண்டார். சைக் என்றால் வடக்கே சின்ன ஓடை, கிட்டத்தட்ட நம் வாய்க்கால். அந்தப் பெயருள்ள, ஒருவருக்கொருவர் உறவென்று தெரியாத 48 ஆண்களின் ஒய் குரோமோசோமை, அதாவது அப்பாவிடமிருந்து மகனுக்கு மட்டுமே போகிற மரபணுத் தொகுதியைப் பார்த்தபோது, ஏறத்தாழ பாதிப் பேருக்கு ஒரே மாதிரி அமைந்திருந்தது. 2009இல் லெஸ்டர் பல்கலைக்கழகத்தின் டூரி கிங்கும் மார்க் ஜாப்லிங்கும் 40 பிரிட்டிஷ் பெயர்களை ஒப்பிட்டார்கள். பரவலான பெயர்களில் ஒற்றுமை எதுவும் அகப்படவில்லை, அரிய பெயர்களில் பளிச்சென்று தெரிந்தது. ஆட்டன்பரோ என்ற பெயருள்ளவர்களில் பெரும்பாலோர் ஒரே ஆண்வழியில் வந்தவர்கள். பெயர் அரிதாக அரிதாக, அதைத் தாங்குகிறவர்கள் உண்மையிலேயே பங்காளிகளாக இருக்கிற வாய்ப்பு கூடுகிறது. 2007இல் இதே குழு வெளியிட்ட இன்னொரு முடிவைப் படித்த அன்று நான் தூங்கவில்லை என்றே சொல்லலாம். யார்க்‌ஷயரின் ஓர் அரிய குடும்பப்பெயர், அதைத் தாங்கிய 18 ஆண்களைச் சோதித்ததில் 7 பேரிடம் அதுவரை மேற்கு ஆப்பிரிக்கர்களிடம் மட்டுமே காணப்பட்ட ஒய் குரோமோசோம் வகை. அவர்களெல்லாம் வெள்ளைக்காரர்கள், வீட்டில் அப்படியொரு கதையே கிடையாது. என்றோ இங்கு வந்து சேர்ந்த ஓர் ஆப்பிரிக்கரின் தடயத்தை ஒரு யார்க்‌ஷயர் பெயர் நூற்றாண்டுக் கணக்கில் சுமந்து வந்திருக்கிறது.

பெயர்கள் எங்கே இருக்கின்றன என்று எண்ணிப் பார்க்கிற ஆசை இவர்களுக்குப் பழையது. 1890இல் ஹென்றி பிரௌகம் கப்பி என்ற இயற்கையறிஞர் மாவட்டம் மாவட்டமாக விவசாயிகளின் பெயர்களை மட்டும் எண்ணினார். நகரத்துக்காரன் இடம் மாறிக்கொண்டே இருப்பான், விவசாயி மண்ணோடு கிடப்பான் என்பது அவர் யோசனை. இன்று ஆய்வாளர்கள் கையில் எடுப்பது 1881ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பை. தன்னார்வலர்கள் ஒவ்வொரு பெயராகப் படியெடுத்துக் கொடுத்த மாபெரும் வேலை அது. ரயில் வந்து, ஆலைகள் வந்து, இத்தனை பேர் இடம்பெயர்ந்த பிறகும், பாட்டம் பெயர்களை வரைபடத்தில் போட்டால் அவை பிறந்த பள்ளங்களைச் சுற்றியே அடர்ந்து கிடக்கின்றன. இங்கிலாந்துக் கால்பந்து அணியின் முதல் மேலாளர் வால்ட்டர் விண்டர்பாட்டம் ஓல்டமில் பிறந்தவர். கிரிக்கெட் பார்க்கிறவர்களுக்கு நினைவிருக்கும், நீளமுடி வைத்த இடதுகை வேகப்பந்து வீச்சாளர் ரயன் சைட்பாட்டம், அவர் ஹடர்ஸ்ஃபீல்டு. 1980இல் பம்பாய் டெஸ்டில் ஒரே ஆட்டத்தில் சதமும் 13 விக்கெட்டும் எடுத்து நம்மைக் கதிகலங்க வைத்த இயன் போத்தம் செஷயரில் பிறந்தவர். போத்தமும் அதே பள்ளம்தான், முன்னொட்டு இல்லாத பள்ளம்.

சரி, எண்ணிக்கைக்கு வருகிறேன், இதுதான் எனக்கு வருத்தமான பகுதி. லண்டன் கிங்ஸ் கல்லூரியின் ரிச்சர்ட் வெபர் 1881ஐயும் 2008ஐயும் ஒப்பிட்டுப் பார்த்தார். இந்த இடைவெளியில் பிரிட்டனின் மக்கள்தொகை இரண்டு மடங்கு ஆகியிருக்கிறது, ஆகவே பெயர்களும் பெருகியிருக்க வேண்டும். ஷஃபிள்பாட்டம் 40 சதவீதம் குறைந்திருந்தது. காக் என்ற பெயர், சேவல் என்பதுதான் பொருள், பிற்பாடு கொச்சையாகிவிட்டது, 3,211இலிருந்து 785க்கு வந்துவிட்டது. ஆபாசமோ அசிங்கமோ ஒட்டிக்கொண்ட பெயர்கள் பலவற்றிலும் இதே சரிவு. இத்தனை ஆயிரம் பேரும் சந்ததியின்றிப் போய்விடவில்லை. மாற்றிக்கொண்டார்கள். இங்கே பெயரை மாற்ற யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை, தானே ஒரு உறுதிப்பத்திரம் எழுதிக் கையெழுத்திட்டால் போதும். 1862இல் ஜோஷுவா பக் என்பவர், பக் என்றால் மூட்டைப்பூச்சி, இனிமேல் நார்ஃபோக் ஹோவர்டு என்று அழைக்கப்படுவேன் என டைம்ஸ் நாளிதழில் அறிவிப்புக் கொடுத்தார். நார்ஃபோக், ஹோவர்டு இரண்டும் உச்சாணிக் கொம்பில் இருந்த பிரபு வம்சத்துப் பெயர்கள். ஊர் விட்டதா? கொஞ்ச காலத்துக்கு மூட்டைப்பூச்சிக்கே நார்ஃபோக் ஹோவர்டு என்று பேர் வைத்துவிட்டார்கள். அந்த மனிதர் எந்த மனநிலையில் அந்தப் பத்திரிகையைப் பிரித்துப் பார்த்திருப்பார் என்று நினைத்தாலே எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

மாற்றாமல் இருந்தாலும் பெயர்கள் சாகத்தான் செய்கின்றன, அதற்குக் கணிதமே இருக்கிறது. 1873இல் பிரான்சிஸ் கால்டன் ஒரு கேள்வி போட்டார்: மகன்கள் வழியாக மட்டும் பெயர் போகிறதென்றால், தலைமுறை போகப்போக எத்தனை பெயர் மிஞ்சும்? ஹென்றி வாட்சன் என்ற பாதிரியார் பதில் எழுதினார். ஒரு வீட்டில் மகள்கள் மட்டும், அடுத்த வீட்டில் பிள்ளையே இல்லை, இப்படித் தற்செயலாகவே சின்னக் கூட்டங்கள் அணைந்துபோகும். ஒரே பள்ளத்தில் பிறந்து சில நூறு பேராக நிற்கிற பெயருக்கு இந்த ஆபத்து எப்போதும் உண்டு. அதன் மேல் சிரிப்பும் சேர்ந்தால் என்ன ஆகும்.

சிலர் முழுதாக மாற்றாமல் எழுத்தைக் கொஞ்சம் திருத்திக்கொண்டார்கள். ராம்ஸ்பாட்டம் ராம்ஸ்போத்தம் ஆனது, சைட்பாட்டம் சைட்போத்தம் ஆனது. எல்லாரும் வெட்கத்தால் செய்தார்கள் என்று சொல்ல முடியாது. எழுத்துமுறை நிலைக்காத காலத்தில் பாதிரியார் காதில் விழுந்தபடி எழுதியதும் இதில் சேரும். ஆனால் 1930களில் இது இன்னும் மோசமானது. பிளாக்பூல் மிருகக்காட்சியில் ஒரு பையனைச் சிங்கம் விழுங்குகிறது, அவனுடைய அப்பா அம்மா பேர் ராம்ஸ்பாட்டம் என்று மேடையில் சொல்லப்பட்ட ஒரு வேடிக்கைக் கவிதை நாடெங்கும் பரவியது. அதிலிருந்து வடக்கத்தி ஏழையைக் கேலி செய்ய ஒரு பெயர் வேண்டுமென்றால் இதைத்தான் எடுத்தார்கள்.

அந்தப் பெயர் கேலிக்குரியதென்று யாராவது என்னிடம் சொன்னால், நான் அவர்கள் வண்டியைக் காட்டுவேன். பைக் புகை தள்ளினால் மெக்கானிக் 'ரிங் போயிருச்சு' என்பாரே, அந்தப் பிஸ்டன் ரிங். டாட்மார்டனில் 1814இல் பிறந்த ஜான் ராம்ஸ்பாட்டம் என்ற ரயில்வே பொறியாளர் 1852இல் கண்டுபிடித்தது அது. அதற்கு முன் நீராவி எஞ்சினில் பிஸ்டனுக்கும் உருளைக்கும் நடுவே உள்ள இடைவெளியை அடைக்கப் பெரும்பாடு பட்டார்கள். அவர் ஒரு உலோக வளையத்தை ஓரிடத்தில் வெட்டிவிட்டார், அவ்வளவுதான். வில்லைப்போல அது தானே வெளிப்பக்கம் விரிந்து சுவரோடு ஒட்டிக்கொள்ளும், நீராவி கசியாது. எஞ்சின் ஓட்டுநர்கள் அழுத்திப் பிடித்து ஏமாற்ற முடியாத பாதுகாப்பு வால்வும் அவருடையது, 1855. வண்டியை நிறுத்தாமல் தண்டவாளத்துக்கு நடுவே தொட்டி கட்டி ஓட்டத்திலேயே தண்ணீர் அள்ளும் முறையும் அவருடையதுதான், 1860இல் வேல்ஸில் முதலில் போட்டார்கள். இன்று உலகில் ஓடுகிற கோடிக்கணக்கான பெட்ரோல், டீசல் எஞ்சின்கள் ஒவ்வொன்றிலும் அந்தப் பூண்டுப் பள்ளத்துக்காரரின் யோசனை மேலும் கீழும் ஓடிக்கொண்டிருக்கிறது.

இதையெல்லாம் மதியச் சாப்பாட்டு நேரத்தில் எங்களோடு வேலை செய்யும் யாழ்ப்பாணத்து அக்காவிடம் கொட்டிக்கொண்டிருந்தேன். அவர் நிதானமாகச் சோற்றைப் பிசைந்தபடி, "தம்பி, எங்கட சோல்பரிப் பிரபுவும் ராம்ஸ்போத்தம்தானே, உங்களுக்குத் தெரியாதோ?" என்றார். எனக்குத் தெரியாது. ஹெர்வால்ட் ராம்ஸ்போத்தம், லங்காஸ்டர் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர், 1941இல் சோல்பரிப் பிரபு ஆனவர். 1944 கடைசியில் அரசியலமைப்பைப் பற்றி விசாரிக்க இலங்கைக்கு வந்த பிரிட்டிஷ் ஆணைக்குழுவின் தலைவர். தமிழர் தலைவர் ஜி. ஜி. பொன்னம்பலம் ஐம்பதுக்கு ஐம்பது, அதாவது சிங்களவருக்குப் பாதி இடம், சிறுபான்மையினர் எல்லாருக்கும் சேர்த்துப் பாதி இடம் என்று கேட்டு வாதாடியது இவர் முன்னால்தான், அது ஏற்கப்படவில்லை. சோல்பரி யாப்பு என்று இலங்கைத் தமிழர்கள் இன்றைக்கும் பேசுகிற அரசியலமைப்புக்கு வழி போட்டது இந்த ஆணைக்குழு. 1949 முதல் 1954 வரை அவரே இலங்கையின் மகாதேசாதிபதியாகவும், அதாவது கவர்னர் ஜெனரலாகவும், இருந்தார். பிரபு ஆனதும் பட்டம் முன்னால் வந்து குடும்பப்பெயர் பின்னால் மறைந்துவிட்டதால் பலருக்கு அது தெரியாது.

அக்கா அதோடு நிறுத்தவில்லை. "அவரின்ர மூத்த மகன் எங்கட யோகர் சுவாமியின்ர சீடன்" என்றார். நம்பாமல் போய்த் தேடினேன், உண்மை. ஜேம்ஸ் ராம்ஸ்போத்தம், 1915இல் பிறந்தவர், யாழ்ப்பாணத்துச் சைவ ஞானி யோகர் சுவாமிகளின் காலடிக்கு வந்து சந்தசுவாமி ஆனார். மட்டக்களப்புப் பக்கம் செங்கலடியில் உள்ள சிவதொண்டன் நிலையத்தோடு அவர் பெயர் சேர்ந்தே இருக்கிறது. 1971இல் அப்பா இறந்ததும் சட்டப்படி இரண்டாம் சோல்பரிப் பிரபு அவர்தான். ஒரே மனிதர், லங்காஷயரின் ஒரு பள்ளத்திலிருந்து வந்த பெயர் ஒன்று, பிரபுப் பட்டம் ஒன்று, குரு பரம்பரையில் சேர்ந்து பெற்ற தமிழ்ப் பெயர் ஒன்று. அவர் தம்பி பீட்டர் அமெரிக்காவுக்குப் பிரிட்டிஷ் தூதராக இருந்தவர். பீட்டரின் மகன் ஆலிவர் பிராட்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் போர்களை எப்படித் தீர்ப்பது என்று பாடம் நடத்திய பேராசிரியர். கொள்ளுப்பேரன் வரைக்கும் தேடிக்கொண்டு போகத் தோன்றியது, அக்காதான் சோறு ஆறுகிறது என்று அதட்டினார்.

போன மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரியிலிருந்து நீராவி ரயிலில் ராம்ஸ்பாட்டம் போனேன். 1987இல் ஆர்வலர்கள் சேர்ந்து மீட்டெடுத்த பழைய பாதை அது, ஆற்றை ஒட்டியே போகிறது. இறங்கினால் ஊருக்கு மேலே ஹோல்கம் குன்றில் பீல் கோபுரம் தெரிகிறது, பெரியில் பிறந்து பிரதமரான ராபர்ட் பீலின் நினைவாக 1852இல் கட்டியது. ஊரில் யாரும் ஊர்ப்பெயரைச் சொல்லிச் சிரிக்கவில்லை. கடைப் பலகை, பள்ளிக்கூடம், ரயில் நிலையம், எங்கும் அது சாதாரணமாக எழுதியிருந்தது. ஆற்றோரமாகக் கீழே நடந்தேன். மரநிழல் ஆரம்பித்த இடத்தில் முதலில் மணம்தான் வந்தது. அம்மா ரசத்துக்குப் பூண்டு தட்டும்போது வருமே, அதை இன்னும் பச்சையாக, மழை ஈரத்தோடு நினைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் திரும்பிப் பார்த்தால் சரிவு முழுக்க வெள்ளை. எழுநூறு வருடத்துக்கு முன்னால் இங்கே வந்து நின்ற ஒருவனிடம் இந்த இடத்துக்குப் பேர் வை என்றால், வேறு எதை வைத்திருப்பான்? அதனால்தான் நான் பூண்டுக் கட்சி.

பெரியவர் மறுபடி வந்தது ஜூன் மாதத்தில். நான்தான் மேசையில். உரக்கக் கூப்பிட்டேன், அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை. அவர் வந்து உட்கார்ந்ததும் கோப்பின் மேலட்டையில் வேறு யாரோ அவர் பெயரைப் போத்தம் என்று முடியும்படி அச்சடித்து ஒட்டியிருப்பதைக் கவனித்தேன். எது சரி என்று கேட்டேன். தம்பி வீட்டார் அப்படி எழுத ஆரம்பித்துவிட்டார்கள், பேரப்பிள்ளைகளும் அப்படித்தான் என்றார். "நீங்கள் என் அப்பா எழுதியபடியே போடுங்கள். இரண்டு டி, அப்புறம் ஓ, எம்." ஒவ்வொரு எழுத்தாக அவர் சொல்லச் சொல்ல அடித்தேன், புதுச் சீட்டு அச்சாகி வந்ததும் பழையதை உரித்துவிட்டு ஒட்டினேன். கோப்பை வாங்கி, கண்ணாடியை மேலே ஏற்றிக்கொண்டு ஒருமுறை படித்துப் பார்த்தார்.